மனோன்மணீயம் செலக்‌ஷன்: எந்தப் பகுதியைப் பேசுவது?

கேள்வி (ஜூலை 8)

எங்க காலேஜ் முத்தமிழ் மன்றத்துல இந்த வருஷம் மனோன்மணீயம் போடுறாங்க. 18ஆம் தேதி செலக்‌ஷன். ஆளுக்கு மூணு நிமிஷம். எந்தப் பகுதி வேணும்னாலும் பேசலாம்னு நோட்டீஸ் போர்டுல இருக்கு. நான் பிசிக்ஸ், ரெண்டாம் வருஷம். இதுவரைக்கும் மேடை ஏறுனதில்ல. புஸ்தகத்த லைப்ரரியில எடுத்தேன், ரெண்டு பக்கம் வாசிச்சதும் தலைய சுத்துது. எதப் பேசட்டும்? ராகமா இழுக்கணுமா, சாதாரணமா பேசணுமா? செஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஜூலை 8, இரவு

நான் செய்திருக்கிறேன். இதே நாடகம், 2001, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வரும்.

முதல் வேலை: "நீராருங் கடலுடுத்த" பாடாதே தம்பி. சிரிக்காதே, எங்கள் செலக்‌ஷனில் ஐந்து பேர் பாடினார்கள். மனோன்மணீயத்தில் எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றுதானே. நூலின் தொடக்கத்தில் வரும் தமிழ்த் தெய்வ வணக்கம் அது. 1970இல் அரசு அதை எடுத்துத் தமிழ்த்தாய் வாழ்த்து ஆக்கியது. முதல் பையன் ஆரம்பித்ததும் மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று பேராசிரியர்களும் எழுந்து நின்றார்கள். நாங்களும் நின்றோம். முடிந்ததும் உட்கார்ந்தோம். அடுத்தவன் வந்தான், அவனும் அதே பாட்டு. மறுபடி எழுந்தோம். மூன்றாவது ஆளுக்கு நடுவில் இருந்த ஐயா பாதிதான் எழுந்தார், முழங்கால் வலி அவருக்கு. "எலே, வேற ஏதாச்சும் சொல்லுங்கடே, இதுக்கு என்னால எந்திரிச்சு மாளல" என்றார்.

நாடகத்தில் வரும் நடராசன் நாங்கூழ்ப் புழுவைப் பார்த்துப் பேசும் தனிமொழியை எடு. காரணம் நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜூலை 9, காலை

நாங்கூழ் என்றால் மண்புழு. நடராசன் ஊருக்கு வெளியே தனியாக நிற்கிறான். புல்லைப் பார்க்கிறான், வாய்க்காலைப் பார்க்கிறான், கடைசியில் மண்புழுவைப் பார்த்து, உழுகிறவர்களுக்கெல்லாம் நீதான் ராஜா என்கிறான். ராஜா, மந்திரி, போர் என்று போகும் நாடகத்தின் நடுவில் ஒருத்தன் குனிந்து புழுவோடு பேசுகிறான் பார், அந்த இடம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். டார்வின் மண்புழுக்களைப் பற்றிப் புத்தகம் போட்டது 1881இல். மனோன்மணீயம் அச்சானது 1891இல். நீ பிசிக்ஸ், உனக்கு இது ருசிக்கலாம்.

செலக்‌ஷனுக்கு அது ஏன் நல்லது? எதிரில் ஆள் வேண்டாம், ஆனால் பேசுவதற்கு ஒரு எதிராளி இருக்கிறது, தரையில். கண்ணை எங்கே வைப்பது என்ற பிரச்சினை தீர்ந்தது. முதல் தடவை மேடையேறுகிறவன் கண் விட்டத்தைப் பார்க்கும், இல்லாவிட்டால் தேர்வாளரின் பேனாவைப் பார்க்கும். புழு இருந்தால் தரையைப் பார்க்க ஒரு நியாயம் கிடைக்கிறது.

இன்னொன்று, அதில் ழகரம் கொட்டிக் கிடக்கிறது. "உழைப்போர் உழைப்பில் உழுவோர் தொழில்மிகும்" என்று ஒரு வரி. நம்ம பக்கம் வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிவிடும் என்று உனக்குத் தெரியும். இந்த ஒரு வரியிலேயே உன் நாக்கு எந்தத் தாலுகா என்று மேஜைக்குத் தெரிந்துவிடும். பயந்தால் வேறு எடு. பயப்படாவிட்டால் ஒரு வாரம் இதைச் சொல்லிப் பழகு, மற்ற எல்லாம் தானாக வரும்.

இனி முக்கியமான சங்கதி. தலை சுற்றுகிறது என்றாயே, அதற்குக் காரணம் நீ இல்லை, அச்சு. செய்யுளை அச்சடிக்கும்போது சொல் சொல்லாகப் பிரிப்பதில்லை, சீர் சீராகப் பிரிக்கிறார்கள். அதே பேச்சில் வரும் இன்னொரு வரி:

எம்மண் ணாயினும் நன்மண் ணாக்குவை

இதைச் சொல்லாகப் பிரித்தால்: எம் மண் ஆயினும் நல் மண் ஆக்குவை. எந்த மண்ணாக இருந்தாலும் நல்ல மண்ணாக்கிவிடுவாய். அவ்வளவுதான், ஒரு சம்சாரி திண்ணையில் சொல்கிற வாக்கியம். ஆனால் தாளில் இருக்கிற மாதிரியே இடைவெளி விட்டால் என்ன ஆகும்? எனக்கு ஆனது ஆகும்.

எங்கள் செலக்‌ஷன் விலங்கியல் துறையின் கேலரி வகுப்பில் நடந்தது. ஃபார்மலின் வாடை. பின்னால் அலமாரியில் பாட்டில் பாட்டிலாகப் பாம்பு, பல்லி, தேள். என் முறை வந்தது. குரலை நாபியிலிருந்து எடுத்து, "எம்மண்" என்று நிறுத்தி, மேஜையை ஒரு பார்வை பார்த்து, "ணாயினும்!" என்று கர்ஜித்தேன்.

முழங்கால் ஐயா கையைத் தூக்கினார். "ணாயினும்னா என்னடே?"

எனக்கு அப்போது உண்மையிலேயே அது 'நாயினும்' என்றுதான் மனதில். "நாயை விட, ஐயா" என்றேன். "எங்க மண்ணு நாயை விட நல்ல மண்ணுன்னு..."

கேலரி இடிந்து விழுந்தது. ஒருத்தர் அலமாரியைக் காட்டி, "புழு பின்னால பாட்டில்ல இருக்கு, நாய் இல்ல, நல்லா பாத்துக்கோ" என்றார். அந்த மூன்று வருஷமும் விடுதியில் என் பெயர் நாயினும்.

அதனால்: நோட்டை எடு. பேசப் போகிற பகுதியை உன் கையால் சொல் பிரித்து எழுது. வரி வரியாக எழுதாதே, கடிதம் மாதிரி ஓட்டமாக எழுது. எங்கே வாக்கியம் முடிகிறதோ அங்கே மட்டும் புள்ளி வை. இந்த நாடகத்தின் அகவல், அதாவது ஆசிரியப்பா, வரியின் முடிவில் வாக்கியம் முடிய வேண்டும் என்று சட்டமில்லை, அடுத்த வரியின் பாதியில் முடியும். நீ மூச்சு விடுவது அங்கேதான். சீரை மறந்துவிடு, அது புலவர் பாடு.

ஜூலை 9, மதியம்

சாப்பிடும்போது ஞாபகம் வந்தது: ஐந்து பேர் என்று எழுதியது அதிகம். பாடியது மூன்று பேர். மற்ற இரண்டு பேர் ஆரம்பிக்கப் பார்த்தார்கள், விடவில்லை.

ஜூலை 11

தனிமடலில் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர் என்று நினைக்கிறேன், கோபித்திருக்கிறார். மனோன்மணீயம் படிப்பதற்கு எழுதப்பட்ட நாடகம், மேடைக்கு இல்லை, அதைக் கல்லூரிப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் கொலைதான் என்கிறார்.

பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கும். எனக்கும் பாதி சம்மதம். 5 அங்கம், 20 களம், பெரும்பாலும் அகவல். அப்படியே போட்டால் விடிந்துவிடும், விடிந்த பிறகும் முடியாது. இதை எழுதிய சுந்தரம் பிள்ளை நாடகக்காரர் இல்லை. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர், கல்வெட்டு ஆராய்ந்தவர், 42 வயதில் 1897இல் போய்விட்டார். கதையின் எலும்பை லிட்டன் என்ற ஆங்கிலேயரிடமிருந்து எடுத்துக்கொண்டு, அதற்குப் பாண்டியன், சேரன், நாஞ்சில் நாடு என்று சதை வைத்தார்.

ஆனால் ஐயா, மாணவர் நாடகம் என்றாலே வெட்டுதானே. எங்கள் பிரதி ஒண்ணேகால் மணி நேரம். சிவகாமி சரிதம் என்ற கிளைக்கதை முழுக்கப் போச்சு. முனிவரின் சீடர்கள் நிட்டாபரர், கருணாகரர் இரண்டு பேரும் போனார்கள். வேதாந்தம் பேசுவதற்குள் பின் வரிசை பஸ் பிடிக்கப் போய்விடும். பாண்டிய ராஜா ஜீவகன், அவன் மந்திரி குடிலன், ராஜா மகள் மனோன்மணி, சுரங்கம், கல்யாணம், இவ்வளவு நின்றது. குடிலன் பேச்சைக் கேட்டு ஜீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலிக்குத் தலைநகரை மாற்றுகிறான் இல்லையா, அந்த இடத்தில் 'திருநெல்வேலி' என்ற வார்த்தைக்கே எங்கள் ஊர் ஜனம் விசில் அடித்தது. அது சூழ்ச்சி, விசிலடிக்கிற இடமில்லை என்று யாருக்கு உறைக்கிறது. நாஞ்சில் நாட்டுக்காகச் சண்டை என்றதும் நாகர்கோவில் பையன்கள் தனியாக ஒரு கூச்சல். நாஞ்சில் நாடு தமிழ்நாட்டோடு சேர்ந்து 1956இல் முடிந்த விவகாரம், 2001இலும் தொண்டை கிழியக் கத்தினார்கள்.

இன்னொரு தற்செயல் எனக்குப் பிடிக்கும். அதே 1891இல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவருக்கு அப்போது வயது 18. வக்கீல், குமாஸ்தா, மாணவன் என்று நாடகத்தைத் தொழிலாகச் செய்யாதவர்கள் சேர்ந்து போட்டார்கள். ஒரு பக்கம் படிக்கிற நாடகம் அச்சாகிறது, இன்னொரு பக்கம் படிக்கிற பையன் நாடகம் போடக் கிளம்புகிறான். கல்லூரி மேடையில் மனோன்மணீயம் ஏறும்போது அந்த இரண்டும் ஒன்றாகின்றன என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஜூலை 12

தம்பி இல்லையாம். தங்கச்சியாம். "நான் பொண்ணு அண்ணே, நீங்களா தம்பின்னு முடிவு பண்ணிட்டீங்க, நடராசன் நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்குக் குடிலன் பேசணும்னு ஆச, மகளிர் கல்லூரிதான், எல்லா வேஷமும் நாங்கதான்" என்று எழுதியிருக்கிறது. மன்னிக்கணும் தாயி.

குடிலன் பேசு. தாராளமாக. கே.பி. சுந்தராம்பாள் 1935இலேயே சினிமாவில் நந்தனாராக நடித்தார், ஆண் வேஷம். பையன்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் பொம்பளை வேஷம் முழுக்கப் பையன்களுக்கு. மீசை முளைக்கும் வயதில் குரல் உடைந்தால் 'மகரக்கட்டு' என்பார்கள். நேற்று வரை ராணியாக இருந்தவன் இன்றைக்குப் படுதா இழுப்பான். அந்தக் கொடுமை உனக்கு இல்லை.

ஆனால் ஒன்று. குடிலனைத் தேர்ந்தெடுக்கிற முக்கால்வாசிப் பேர் வில்லன் சிரிப்பு சிரிக்கிறார்கள். புருவத்தைத் தூக்குகிறார்கள், கையைக் கையோடு தேய்க்கிறார்கள். அந்த ஆளை யார் மந்திரியாக வைத்துக்கொள்வான்? ஜீவகன் நல்லவன், ஆனால் முட்டாள் இல்லை. அவன் நம்புகிற மாதிரி இருந்தால்தான் அவன் குடிலன். நம் ஊரில் பார்த்திருப்பாயே, "அண்ணாச்சி, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே தான் நினைத்ததை அண்ணாச்சி வாயால் சொல்ல வைக்கிற கணக்குப்பிள்ளை. அந்தக் குரல்தான் வேண்டும். பணிவு. தனிமொழி வரும்போதுதான் அந்தப் பணிவு கழன்று விழ வேண்டும், அதுவும் சிரிப்பாக வேண்டாம், அலுப்பாக வரட்டும். நாள் முழுக்கக் குனிந்தவனுக்கு முதுகு வலிக்காதா?

ஜூலை 14

9ஆம் தேதி "சீரை மறந்துவிடு" என்று எழுதினேன். தப்பு. நேற்று ராத்திரி அதை நினைத்துக்கொண்டே படுத்தேன், பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

நாயினும் சம்பவத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்கிறேன். மூன்று நாள் கழித்து இரண்டாம் சுற்று என்றார்கள். நான் அவமானத்தில் ஊருக்குப் போய்விட்டேன், கழுகுமலை பக்கம். எங்கள் பெரியப்பா ஸ்பெஷல் நாடகங்களுக்கு மிருதங்கம் வாசித்தவர். ஸ்பெஷல் நாடகம் தெரியாதவர்களுக்கு: கோயில் கொடையில் விடிய விடிய வள்ளி திருமணம். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், பபூன் வேறு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசிக் கூட்டி வருவார்கள். ஒத்திகை கிடையாது, செலக்‌ஷன் கிடையாது. சாயங்காலம் வந்து இறங்குவார்கள், பவுடர் போடுவார்கள், பத்து மணிக்கு மேடை. எல்லாருக்கும் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதின நாடகப் பாடம் தெரியும், அதனால் ஓடும். நான் செலக்‌ஷன் என்று சொன்னதும் பெரியப்பாவுக்குப் புரியவே இல்லை. "பாடம் தெரியுமா தெரியாதான்னு பாப்பாங்களோ? தெரியாதவன் ஏன்டே வாரான்?"

நோட்டைக் காட்டினேன். சொல் பிரித்து, உரைநடையாக எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். அர்த்தம் தெளிவாக இருந்தது. பெரியப்பா கடலைக்காய் உரித்துக்கொண்டே கேட்டார். "எல்லாம் சரி. பேப்பர் படிக்கிற மாதிரி இருக்கே" என்றார்.

பிறகு மடியில் இருந்த சொளகை, அதாவது முறத்தை, கவிழ்த்துப் போட்டுத் தட்ட ஆரம்பித்தார். ஒரு வரிக்கு நாலு தட்டு. உழைப்போர், உழைப்பில், உழுவோர், தொழில்மிகும். அவருக்கு யாப்பு தெரியாது, ஆசிரியப்பா என்ற பெயர் தெரியாது, ஆனால் நாலு சீர் என்று கை சொல்லிவிட்டது. "நீ உன் பாட்டுக்குப் பேசு, நான் என் பாட்டுக்குத் தட்டுதேன். தட்டுக்குப் பேசாத, தட்டை விட்டும் போகாத" என்றார். ஒரு மணி நேரம். நான் வாக்கியத்துக்கு நிறுத்துகிறேன், அவர் நிறுத்தாமல் தட்டுகிறார். நான் நிறுத்தின இடத்திலும் தட்டு ஓடுகிறது. அப்போதுதான் என் மௌனம் செத்த மௌனமாக இல்லாமல் இருந்தது.

ஆகவே திருத்தம். முதலில் சீரைக் கழற்றி வாக்கியத்தைக் கண்டுபிடி. பிறகு சீரைத் திரும்ப மாட்டு. யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துத் தட்டச் சொல், விடுதியில் வாளி இருக்கும். எதுகையும் அப்போது தானாகக் காதில் விழும், மனப்பாடத்துக்கு அதுதான் ஆணி. ராகமாக இழுக்கலாமா என்று கேட்டாய் அல்லவா, அதற்கும் இதுதான் பதில்: இழுக்காதே, ஆனால் தட்டு உள்ளே ஓடட்டும்.

ஜூலை 15

சென்ற வருஷம் நான் மேஜையின் அந்தப் பக்கமும் உட்கார்ந்தேன். ஒரு கல்லூரியில் வர வேண்டிய ஆள் வரவில்லை, பழைய நாடகக்காரன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். பழைய நாடகக்காரன்! நான் 2001இல் என்ன வேஷம் போட்டேன் என்று அவர்களுக்குத் தெரியாது.

41 பேர். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தோம். பதினைந்தாவது ஆள் வரை உற்சாகம். பிறகு பசி. எல்லாரும் முதல் வாக்கியத்தைக் கத்துகிறார்கள். தாளில் நாலு கட்டம்: குரல், உச்சரிப்பு, அசைவு, கடைசியில் வெறும் கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறிக் கட்டம் எதற்கு என்று பக்கத்து அம்மாவிடம் கேட்டேன். "திரும்பச் சொல்லச் சொல்லுங்க, தெரியும்" என்றார்.

ஒரு பெண்ணிடம் சொன்னோம்: நல்லா இருக்கு, இப்ப இதையே பக்கத்து அறையில குழந்தை தூங்குதுன்னு நினைச்சுப் பேசும்மா. அவள் தலையாட்டிவிட்டு, முன்னால் பேசினதை அப்படியே, அதே கையசைவு அதே கத்தலோடு பேசினாள். அடுத்தவனிடமும் அதே. அடுத்தவளிடமும் அதே. 41 பேரில் மாற்றிப் பேசினது ஆறோ ஏழோ பேர். குரல் சுமாராக இருந்தாலும் அவர்கள் பெயருக்கு எதிரே டிக் விழுந்தது. ஒத்திகை என்பதே இரண்டு மாதம் மாற்றிப் பேசச் சொல்வதுதானே. மாறாத ஆளை வைத்துக்கொண்டு டைரக்டர் என்ன செய்வார்?

எனவே உன் மூன்று நிமிஷத்தை ஒரே மாதிரி உருப்போடாதே. படியிறங்கிக்கொண்டே பேசு. துணி துவைத்துக்கொண்டே பேசு. ரகசியமாகப் பேசு. பாட்டியிடம் பேசு.

அந்த 41இல் ஒருத்தன் தமிழ்த்தாய் வாழ்த்து பாடினான். எழுந்து நின்றேன், சத்தியமாக. அரசு சொன்ன 55 விநாடிக்குள் முடித்தான், அந்த வகையில் அவன்தான் அன்றைக்கு நேரம் காத்தவன்.

ஜூலை 15, பத்து நிமிஷம் கழித்து

பாட்டி காது கேட்காத பாட்டி என்றால் வேண்டாம்.

ஜூலை 19

தங்கச்சி எழுதியிருக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். குடிலன் பேசியிருக்கிறாள். நடுவில் ஒரு வரி மறந்து போய், நின்று, விரலால் தொடையில் நாலு தட்டு தட்டினாளாம், வரி வந்துவிட்டது. மேஜையில் ஒருவர் "அதென்ன தட்டு" என்று கேட்டாராம். "கழுகுமலைப் பெரியப்பா" என்று சொல்லியிருக்கிறாள். யாருக்கும் புரிந்திருக்காது. பெரியப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. படித்ததும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர்கள் திரும்பச் சொல்லச் சொல்லவே இல்லையாம். "நீங்க சொன்னது நடக்கல அண்ணே, 'சரி, அடுத்தது'ன்னு அனுப்பிட்டாங்க. போச்சா?" என்று கேட்கிறாள்.

தெரியாது தாயி. சில மேஜை திரும்பக் கேட்கும், சில மேஜைக்குச் சாப்பாட்டு நேரம்.

ஜூலை 20

என் வேஷம் என்ன என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். படைஞன். பெயர் கிடையாது. ஈட்டி உண்டு, அட்டையில் செய்து வெள்ளிக் காகிதம் ஒட்டினது. அதோடு பிராம்ப்டர் வேலை. படுதா மறைவில் டார்ச் லைட்டோடு உட்கார்ந்து எல்லாருக்கும் வரி எடுத்துக் கொடுக்க வேண்டும். போர்க்களக் காட்சியில் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு ஈட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன், திரும்பி வந்து டார்ச். ஒரு தடவை டார்ச்சோடு ஓடிவிட்டேன்.

எனக்குக் குடிலன் மேல் ஆசை. இரண்டாம் சுற்றில் சொளகுத் தாளத்தோடு நன்றாகப் பேசினேன், இன்றைக்கும் சொல்வேன். கிடைக்கவில்லை. கிடைத்தவன் மன்றச் செயலாளரின் அறைத்தோழன். தேர்வுக்கு முதல் நாளே அவனுக்கு மேலங்கி அளவு எடுத்தாகிவிட்டது என்று தையற்காரர் வாயாலேயே கேட்டேன். இருபது வருஷம் இந்தக் கதையைக் கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். முதலில் கல்லூரிப் பெயர் வேண்டாம் என்றதும் இதனால்தான்.

ஆனால் இருபது வருஷமும் ஒன்றை விட்டுவிட்டுத்தான் சொன்னேன். பிராம்ப்டராக அவனைத் தினமும் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன் இல்லையா. அவன் குரல் சாதாரணம். உச்சரிப்பில் என்னை விட மட்டம், ழகரம் வராது. ஆனால் ஜீவகன் பேசும்போது அவன் கேட்டான். உண்மையாகவே கேட்டான். ஜீவகன் தன் புகழைத் தானே பேசப் பேச, இவன் முகத்தில் ஒரு சந்தோஷம் மெதுவாகப் பரவும், சந்தையில் எடை தனக்குச் சாதகமாக இறங்குவதைப் பார்க்கிற வியாபாரி மாதிரி. எனக்கு அது வராது. நான் என் அடுத்த வரிக்காக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிற ஜாதி.

ஆக, முன்கூட்டியே முடிவு செய்தார்களா? செய்தார்கள். அவன் என்னை விட நல்ல குடிலனா? ஆமாம். இரண்டும் உண்மையாக இருப்பதுதான் எரிச்சல்.

ஜூலை 21

தமிழாசிரியர் ஐயா மறுபடி: 'சந்தையில் எடை சாதகமாக இறங்குவது' என்றால் வியாபாரி தராசில் மோசடி செய்கிறான் என்று ஆகிறதே என்கிறார். ஆமாம் ஐயா. குடிலனைத்தானே சொல்கிறேன்.

ஜூலை 27

முடிவு ஒட்டிவிட்டார்கள். குடிலன் இல்லை. சகடர்!

"யாரு அண்ணே அது, ஒரு கிழவன்" என்று அழுகிற பொம்மை மூன்று போட்டிருக்கிறாள். தாயி, அழாதே, கேள். சகடர் வாணியின் அப்பா. மகள் நடராசனை விரும்புகிறாள். இவர் பணத்துக்கு ஆசைப்பட்டு, குடிலன் மகன் பலதேவனுக்குக் கட்டிக் கொடுக்கப் பார்க்கிறார். ராஜாவிடமே போய், மகளைச் சம்மதிக்கச் சொல்லுங்கள் என்று மனுப் போடுகிறார். நாடகத்தில் மற்றவர்கள் நாட்டை விற்கிறார்கள், வாங்குகிறார்கள், சுரங்கம் தோண்டுகிறார்கள். இவர் ஒருத்தர்தான் நம் தெருவில் இருக்கிற ஆள். ஜனம் பார்த்த உடனே சிரிக்கும், ஏனென்றால் பாதிப் பேர் வீட்டில் ஒரு சகடர் உண்டு. உன் வீட்டிலேயே சித்தப்பா, பெரியப்பா என்று ஒருத்தர் "நல்ல சம்பந்தம்மா, ரெண்டு வீடு இருக்கு" என்று கேட்டிருப்பார் அல்லவா? அந்த ஆள் கெட்டவரா? மகளுக்கு நல்லது செய்வதாகத்தானே நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பிடி. இதில் வில்லத்தனம் பண்ணினால் கெட்டுது.

குடிலனுக்குச் சொன்ன பணிவு இங்கேயும் உதவும். ராஜாவிடம் மனுக் கொடுக்கிறவன் எப்படி நிற்பான் என்று பார்க்கத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலுக்குப் போ. கையில் தாள் வைத்திருக்கிற விதத்தைப் பார். இரண்டு கையாலும் பிடித்திருப்பார்கள், கசங்கிவிடுமோ என்று.

ஜூலை 28

ஒருவர் கேட்கிறார்: மனோன்மணி வேஷம் யாருக்கு? கனவில் வந்தவனை நினைத்து உடம்பு இளைத்துப் படுத்திருக்கிற பாத்திரம், அதற்கு என்ன செலக்‌ஷன்? எங்கள் காலத்தில் முடி நீளம் பார்த்தார்கள் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 3

தங்கச்சி மீசை பற்றிக் கேட்டிருக்கிறாள். நரை மீசை, ஒட்டு மீசை. பஞ்சை ஒட்டாதே, வேர்வையில் பிசுபிசுத்து வாய்க்குள் போகும், 'ழ' சொல்லும்போது கண்டிப்பாகப் போகும். நாடக சாமான் வாடகைக்கு விடுகிற கடையில் வலைத்துணியில் பின்னின மீசை கிடைக்கும். வாங்கி, உன் வாய் அகலத்துக்குக் கத்தரித்துக்கொள். ஸ்பிரிட் கம்மை மேல் உதட்டில் மெல்லிசாகத் தடவி, அரை நிமிஷம் காயவிட்டு, பிசுக்கு வந்த பிறகு அழுத்து. உடனே அழுத்தினால் வழுக்கும். முதல் தடவை முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவிப் பார், அரித்தால் விட்டுவிடு, மை பென்சிலால் வரைந்துகொள்ளலாம்.

ஒத்திகையில் கடைசி ஒரு வாரமாவது மீசையோடு பேசு. மீசை ஒட்டினால் மேல் உதடு நகராது, பகரம் மகரம் எல்லாம் மாறிப் போகும்.

கழற்றும்போது இழுக்காதே. எங்கள் ஜீவகன் இழுத்தான், தோலோடு வந்தது, மறுநாள் பரீட்சைக்குக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தான். தேங்காயெண்ணெய் தடவி, ஐந்து நிமிஷம் சும்மா இரு. ஓரத்திலிருந்து தானாகக் கிளம்பும்.